யோருன் பார்த்த அறை

யோருனின் கணவன் ஒட்வார் வீட்டை விட்டுப் போனபோது இரண்டு பெட்டித் துணியையும் தூண்டில்களையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டான். அவன் போய்ச் சேர்ந்த வீட்டில் மற்ற எல்லாமே ஏற்கெனவே இருந்தன. முப்பத்துநான்கு வருடக் குடித்தனம் யோருனைச் சுற்றி அப்படியே நின்றது. அறையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு பழுப்புத் தோல் சோபா, ஒரு சுவரை முழுதாக மறைத்துக்கொண்டு பைன்மர அலமாரி, பூப்போட்ட திரைச்சீலைகள். சோபா ஒட்வார் வாங்கியது. அலமாரி மாமியார் கொடுத்தது. திரைச்சீலைகளை அக்கா தைத்துக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டில் யோருன் தேர்ந்தெடுத்தது என்று ஒரு கரண்டிகூட இல்லை.

அவன் போன மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். ‘இலவசம். வந்து எடுத்துக்கொள்ளவும்.’ பத்து மணிக்கு முதல் கார் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு மணிக்கு வீட்டில் ஒரு மெத்தை, முகாம்களுக்கு எடுத்துப்போகும் மடக்கு நாற்காலி ஒன்று, ஒரு பானை, இவைதான் மிச்சம். எட்டு மாதம் அப்படியே இருந்தாள்.

நானும் அவளும் நார்வேயில், ஹோர்தனுக்கும் மொஸ்ஸுக்கும் இடையே ஓடும் கார்ப் படகில் வேலை பார்க்கிறோம், அதன் சிற்றுண்டிக் கடையில். கரைக்குக் கரை அரை மணி நேரம். அதற்குள் வாஃபிள் சுட்டு, சாசேஜைச் சூடாக்கி, காப்பி ஊற்றி, மேசைகளைத் துடைத்து, அடுத்த கூட்டத்துக்குத் தயாராகிவிட வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். அதனால் அவளைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு.

“ஒரு சோபாவாவது வாங்குடி. வீட்டுக்கு மனுஷங்க வந்தா உட்கார வேணாமா?”

“வாங்கத்தான் போனேன் பெரித். மூணு கடை ஏறி எறங்கினேன். எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

அவள் வாஃபிள் அச்சை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்கு எது பிடிக்கும்னு தெரியல. நிஜமாவே தெரியல. அம்பத்தாறு வயசாச்சு, சிரிக்காத.”

நான் சிரிக்கவில்லை. பயணிகள் யாரோ விட்டுப்போன பத்திரிகை ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அட்டையில் கோபன்ஹேகன் வீடு ஒன்றின் படம். அதை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

“அங்க போய்ப் பாப்போம். மூணு நாள். உலகமே டென்மார்க்காரங்களைப் பாத்துத்தான் வீட்டை அடுக்குதாம். உனக்குப் பிடிச்சது ஒண்ணாவது அங்க மாட்டாதா?”

நவம்பரில் இருவரும் ஒஸ்லோவிலிருந்து கப்பல் ஏறினோம்.

கோபன்ஹேகனில் முதல் நாள் ஐந்து கடைகள். யோருன் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாள், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவள் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு. ஒரு கடையில் கறுப்பு உடை அணிந்த இளம்பெண் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உங்க வீடு இப்ப எந்த பாணியில இருக்கு?”

“காலியா இருக்கு.”

“ஓ, மினிமலிசமா?”

“இல்லம்மா. புருஷன் போயிட்டான்.”

அந்தப் பெண் எங்களுக்கு ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் போய்விட்டாள். நான் ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி வாங்கினேன். யோருன் எதுவும் வாங்கவில்லை.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஒஸ்தர்ப்ரோ பக்கம் நாங்கள் தங்கியிருந்த அறைக்கு நடந்துகொண்டிருந்தோம். அந்த ஊரில் யாரும் திரையை இழுத்து மூடுவதில்லை. வீடு வீடாக விளக்கு எரிய, ஜனங்கள் உள்ளே சாப்பிடுவதும் சட்டை மடிப்பதும் தெருவுக்குத் தெரியும். நடந்துகொண்டே இருந்த யோருன் ஒரு தரைத்தள ஜன்னல் முன்னால் நின்றுவிட்டாள்.

உள்ளே பெரிய அறை. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளுத்த மரத்தரை. நாற்காலிகளும் மேசையும் சுவரை ஒட்டி நின்றன. சுவரெங்கும் இடுப்பு உயரத்தில், பித்தளை வளையங்களுக்குள் நுழைந்து, தடித்த கப்பல் கயிறு ஒன்று ஓடியது. கதவுச் சட்டங்கள் எல்லாம் பளீரென்ற மஞ்சள். மூலையில் மேசைக்கு மேல், தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்வாக, ஒரே ஒரு விளக்கு.

“இது,” என்றாள் யோருன்.

“எது?”

“எல்லாமே.”

கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குளிரில் நின்றபடியே படம் வரைந்தாள். மறுநாள் காலை வேறு ஏழு கடை பார்த்துவிட்டு, மத்தியானம் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த ஹெரிங் மீனும் சாப்பிட்டுவிட்டு, கயிறு எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டும் என்று மறுபடி அங்கேயே என்னை இழுத்துக்கொண்டு போனாள். மழை தூறியது. கால்மணி நேரம் நின்றிருப்போம். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த கதவு திறந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர், உயரமானவர், கம்பளிச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார்.

“என்ன மலைக்குரங்குகளா, நேத்தும் வந்து நின்னீங்க, இன்னிக்கும் வந்தாச்சு. வீட்டை வாங்கப் போறீங்களா?”

எங்கள் பேச்சு அவருக்கு உள்ளே கேட்டிருக்க வேண்டும். நார்வேக்காரர்களை டென்மார்க்காரர்கள் அப்படித்தான் சீண்டுவார்கள். அவர்கள் பேச்சைக் கேலி செய்ய எங்களிடமும் ஒன்று உண்டு, நானும் விடவில்லை. “வாய்க்குள்ள சூடான உருளைக்கிழங்கை வச்சுக்கிட்டுப் பேசினா எங்களுக்கு எப்படிப் புரியும்?”

அவர் சிரித்தார். யோருனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. “மன்னிச்சுக்குங்க. உங்க ரூம் ரொம்ப அழகா இருந்துச்சு, அதான் நின்னுட்டோம்.”

“அழகாவா?” அவர் இரண்டடி தெருவுக்கு வந்து, தன் ஜன்னலைத் தானே எட்டிப் பார்த்தார். “உள்ள வாங்க. லிஸ்பெத் இதைக் கேட்டே ஆகணும்.”

அவர் பெயர் ஹோல்கர். நாங்கள் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து அவருடைய மனைவி வந்தாள். குள்ளமான உருவம், வேகமான நடை, இடது கை மட்டும் கயிற்றின்மேல் வழுக்கிக்கொண்டே வந்தது. அவளுடைய பார்வை எங்கள் தலைகளுக்குச் சற்று மேலே நின்றது.

“யாரு ஹோல்கர்? ரெண்டு பேர் ஷூ சத்தம் கேட்டுச்சே.”

“ஜன்னல்ல நின்னாங்களே, அந்த நார்வேக்காரங்க. நம்ம ரூம் அழகா இருக்காம்.”

லிஸ்பெத் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடியவே சற்று நேரம் ஆனது. “எனக்குக் கண்ணு தெரிஞ்ச காலத்துல வந்து பாத்திருக்கணும் நீங்க. இந்த ரூம்ல கால் வைக்க எடம் இருக்காது. நாப்பது பீங்கான் நாய் வச்சிருந்தேன். நாப்பது!”

“நாப்பத்திமூணு,” என்றார் ஹோல்கர்.

காப்பி வந்தது. மேசையில் உட்கார்ந்து கேட்டோம். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. ஆறு வருடத்தில் முழுதாகப் போய்விட்டது. முக்காலி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு, ஹோல்கர் அறையின் நடுவைக் காலி செய்தார். அவர் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலையில் இருந்தவர். கயிறு அங்கிருந்து வந்தது. கடைசிவரை அவள் கண்ணுக்கு எட்டிய நிறம் மஞ்சள். அதனால் கதவுச் சட்டங்களுக்கு மஞ்சள்.

“விளக்கு?” என்று கேட்டாள் யோருன். “ஏன் இவ்வளவு தாழ்வா?”

“வெளிச்சம் எனக்கெதுக்கு? கைக்கு இதமா இருக்கும்.” லிஸ்பெத் இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கின் கீழே நீட்டிக் காட்டினாள். “பழைய குண்டு பல்பு. புதுசுல சூடே இல்ல. இவர் எங்கேயோ தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வருவார்.”

யோருன் மடியில் இருந்த நோட்டை மெதுவாக மூடினாள். திருடும்போது பிடிபட்டவள் போல இருந்தது அவள் முகம். லிஸ்பெத்துக்கு அது தெரிய வழியில்லை. அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, இப்ப நீ சொல்லு. ரூம் எப்படி இருக்கு? இவர்கிட்ட கேட்டா ‘நல்லாருக்கு’ம்பார். நாப்பத்தாறு வருஷமா அதே ஒத்த வார்த்தை.”

“நானா? எனக்குச் சொல்ல வராதுங்க.”

“வந்த வரைக்கும் சொல்லு.”

யோருன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “தரை வெளுத்துப்போயிருக்கு. கடல்ல மிதந்து கரை ஒதுங்கின கட்டை மாதிரி. ஜன்னல் பக்கம் இன்னும் வெளுப்பு. கதவுச் சட்டம் முட்டை மஞ்சக்கரு நிறம். இங்க உட்கார்ந்து பாத்தா, இந்தக் கதவுச் சட்டத்துக்குள்ள அடுத்த ரூமோட சட்டம் தெரியுது, அதுக்குள்ள அதுக்கடுத்தது. பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி. விளக்கு மேசைமேல மட்டும் வட்டமா விழுது. உங்க கை அதுக்குள்ள இருக்கு, முகம் வெளிய இருக்கு. கயிறு...” நிறுத்தினாள்.

“கயிறு?”

“ஒரு பக்கம் கறுத்திருக்கு. உங்க கை போற பக்கம் மட்டும். அந்த எடம் எண்ணெய் தேச்ச மாதிரி மின்னுது. சுவத்துப் பக்கம் இன்னும் புதுசாவே இருக்கு.”

நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதில் பாதியை நான் பார்க்கவே இல்லை. லிஸ்பெத் கையை நீட்டி, கயிற்றின் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஹோல்கர் காப்பிக் கெண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அது முக்கால்வாசி நிரம்பித்தான் இருந்தது. திரும்பி வர நேரம் பிடித்தது.

பிறகு லிஸ்பெத் யோருனின் வீட்டைப் பற்றி விசாரித்தாள். காலியாகக் கிடக்கிறது என்று கேட்டதும், “அப்ப வேலை முடிஞ்சு வந்து என்னதான் பண்ணுவ?” என்றாள்.

“தரையில படுத்துக்கிட்டு ரெண்டு காலையும் தூக்கிச் சுவத்துல வச்சுக்குவேன். ஒம்பது மணி நேரம் நிக்கிறேன்ல. அரை மணி நேரம் அப்படியே கெடப்பேன்.”

“எந்தச் சுவரு?”

“ஜன்னலுக்கு எதிர்ச் சுவரு.”

“அங்க மத்தவங்க என்ன போடுவாங்க?”

“சோபா.”

“அப்ப சோபா போச்சு,” என்றாள் லிஸ்பெத், இன்னொரு கேக் துண்டுக்காகத் தட்டைத் தடவியபடி.

திரும்பும் கப்பலில் யோருன் மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்வீடன் கரை பக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்தபோது சொன்னாள். “ஒரு ரூம் எப்படி இருக்குன்னு யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல பெரித். நான் இவ்வளவு பேசுவேன்னு எனக்கே தெரியாது.” அவளுக்குக் கோபமா சந்தோஷமா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் தலைமுடியில் பெயின்ட் ஒட்டியிருந்தது. எதிர்ச் சுவருக்கு முதலில் வெளிர் பச்சை அடித்தாள், பத்திரிகையில் போட்டிருந்தபடி. பிடிக்கவில்லை. சாம்பல் அடித்தாள். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை எதையும் பார்க்காமல், எங்கள் ஊர்ப் படகுக் கொட்டகைகளுக்கு அடிக்கும் சிவப்பை அடித்தாள், அப்படியே விட்டுவிட்டாள். பாதம் படும் இடம் சில்லென்று இருந்ததால் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை தக்கைப் பலகை ஒட்டினாள். கீழே கனமான கம்பளம். படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, காப்பிக் கோப்பைக்கு. முழங்கால் உயரத்தில் விளக்கு. வீட்டுக்குள் நுழைபவர்களுக்கு முதலில் எதுவும் புரியாது. படுத்துப் பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். படுத்தபடி தலையைப் பின்னால் சாய்த்தால், ஜன்னல் வழியே ஹோர்தன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் அவற்றுக்கு மேலே வானமும் தெரியும்.

ஈஸ்டர் சமயம் ஒட்வார் வந்தான், ஏதோ காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அறை நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

“உட்கார எடமே இல்லையே?”

“தரை இருக்கு.”

“இது வீடா, யோகா கிளாஸா?”

“உன் வீடு இல்ல. அவ்வளவுதான்.”

ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டான். நான் அப்போது கம்பளத்தில், கால்களைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுத்திருந்தேன். பன்னிரண்டு வருடம் நின்ற கால்கள் எனக்கும்தான் இருக்கின்றன. அவன் ‘பெரித்’ என்று தலையசைத்தான். நானும் தலையசைத்தேன். எழுந்திருக்கவில்லை.

லிஸ்பெத்தும் யோருனும் மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. போன வருடம் மே மாதம், யோருன் ஒரு விடுமுறை நாளில் மொஸ்ஸுக்குப் போய் அங்கே பழைய சாமான் கடையில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கினாள். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம், ஒரு கைப்பிடி மற்றதைவிடக் கொஞ்சம் உயரம். காரில் ஏறாது என்று கடைக்காரனின் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் படகுக்கே கொண்டுவந்தாள்.

“பாக்கச் சகிக்கலடி,” என்றேன் கார்த்தளத்தில் இறங்கிப் பார்த்து.

“கடைக்காரனும் அதையேதான் சொன்னான்.”

தள்ளுவண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கார்த்தளத்தில் வேலை பார்க்கும் பையனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இரண்டு லாரிகளுக்கு நடுவில் இறக்கிவைத்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே உட்காரக்கூடாது, மேலே போ என்று அவன் கத்தினான். அவள் அசையவில்லை. லாரிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். நான் மேலே வாஃபிள் சுடப் போய்விட்டேன். ஹோர்தன் வந்து முன்கதவு இறங்கியதும், அவள் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு முன்னால் கரையிறங்கிப் போவதை மேலிருந்து பார்த்தேன். பின்னால் ஒரு வண்டியும் ஹார்ன் அடிக்கவில்லை.