காட்டிலிருந்து வந்த புது அடி

போன புதன்கிழமை காட்டுக்குப் போனது நான், யோகன், செல்வி. கண்ணன் வரவில்லை. அட்டை கடிக்குமாம்!

நாங்கள் நான்கு பேரும் தப்பு மேளம் அடிக்கிற ஒரு தப்பிசைக் குழு. ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் போட்டி. போன வருடம் எங்களிடம் புதிதாக எதுவுமில்லை என்று நடுவர் கடைசி இடம் கொடுத்தார். இந்த முறையும் அப்படியென்றால் தப்பை விற்றுவிடுவதாக யோகன் சொல்லியிருந்தான்.

புது அடி எங்கே கிடைக்கும்? காட்டில் என்று சொன்னது நான். எங்கள் வீட்டில் ஏ.எல்., அதாவது உயர்தரம், வரை படித்த முதல் ஆள் நான்தான். நான் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள், பாவம்.

தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. உள்ளே... என்ன சத்தம்! ஓடை பாறையில் மோதுகிறது, தயங்குகிறது, மறுபடி மோதுகிறது. நடுவில் ஒரு குக்குறுவான் பறவை விடாமல் கூப்பிடுகிறது. யோகன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு அடித்தான். மூன்று அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி. அந்த நிறுத்தத்துக்குள் செல்வி சின்னதாக ஒன்றைச் சொருகினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அரை மணி நேரம் விடாமல் அடித்தோம்!

ஒன்றை மறந்துவிட்டோம். பனியில் தப்பின் தோல் தளர்ந்து இறங்கிவிட்டது; காய்ச்சி முறுக்கேற்ற நெருப்பில்லை. கணீரென்று வர வேண்டிய சத்தம் கனமாக, மெதுவாக மலையிறங்கிப் போயிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் செடிகளை விலக்கிக்கொண்டு ஆறு பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் செல்வியின் அம்மா, மூச்சு வாங்க.

"யாரு செத்தது?"

சாவுத் தப்பும் அப்படித்தான் கனமாக, மெதுவாக ஒலிக்கும்; அது கேட்டால் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு ஓடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். வீடுகள் இருக்கிற லயத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே எல்லோரும் உயிரோடு! பிறகு சத்தத்தைத் தேடி மேலே வந்திருக்கிறார்கள்.

போட்டிக்குப் பழகுகிறோம் என்று செல்வி மெதுவாகச் சொன்னாள். திட்டு பெரும்பாலும் எனக்குத்தான். படிச்ச புள்ள செய்ற வேலையா இது என்றார்கள். நியாயம்தானே?

திட்டி முடித்ததும் செல்வியின் அம்மா யோகனைப் பார்த்தார்.

"ஏன் தம்பி நிறுத்துன? அடி, கேப்போம்."

அடித்தான். இடுப்பில் கை வைத்து முழுதாகக் கேட்டார்.

"இதுக்கு செத்தவங்களே எந்திரிச்சு ஆடிருவாங்க போலயே."

அதற்குப் பிறகு நடுவர் என்ன சொன்னால் என்ன? இருந்தாலும் சொல்கிறேன் — தோலை நன்றாகக் காய்ச்சி அடித்தோம், இரண்டாம் இடம். எங்கே பழகினீர்கள் என்று நடுவர் கேட்டதற்கு யோகன் மேலே கையைக் காட்டினான். கடவுளைச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். தப்பு விற்பனைக்கு இல்லை.

இயற்கை எல்லாவற்றையும் சும்மா தருகிறது என்கிறார்களே... அன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்து, அந்த ஆறு பேருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது, அதாவது பாதிச் சம்பளம். மீதிப் பாதியை நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம்.

நாலாயிரத்து ஐம்பது ரூபா.