அயர்லாந்தில் வாங்காத பங்கு

"கணக்கு வைத்திருப்பவரோடு பேசலாமா?" என்றுதான் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் பெண்குரல் முதலில் ஆங்கிலத்தில் கேட்டது.

கலாதேவி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் கீழ்வீட்டு நிருபமா. வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்பவள், அதிகம் பேசமாட்டாள், ஆங்கிலம் தெரியும் என்பதால் அழைக்கப்பட்டிருந்தாள்.

"அவர் இறந்துவிட்டார்," என்றாள் நிருபமா.

"வருந்துகிறோம். அவருடைய பிறந்த திகதி?"

சொன்னாள்.

"நன்றி. நீங்கள் அவர் சார்பில் பேச அவரே சம்மதம் தர வேண்டும்."

"என்னவாம்?" என்றார் கலாதேவி.

"அங்கிள் சம்மதம் சொல்லோணுமாம், அன்ரி."

"சொல்லச் சொல்லு! மூண்டு மாசமா என்னோட கதைக்காத மனிசன், அவையோட எண்டாலும் கதைக்கட்டும்."

மூன்றாவது ஆளுக்கு மாற்றிய பிறகுதான் விசயம் வெளியே வந்தது. வரிப் பாக்கி இல்லையென்று அமெரிக்க வரித் திணைக்களம் தரும் சான்றிதழ் வரும்வரை அந்தக் கணக்கில் ஒரு சதமும் அசையாது.

கலாதேவியின் கணவர் உருத்திரமூர்த்தி ஜெர்மனியின் கொலோன் நகரில் இருபத்தாறு வருடம் ட்ராம் ஓட்டியவர். வெங்காயம் இருபது சதம் மலிவென்றால் ஆற்றுக்கு அக்கரை போய் வாங்கிவருவார். ஓய்வுக்கென்று சேர்த்த பணத்தை ஈ.ரி.எஃப். ஒன்றில் போட நினைத்தார். ஐந்நூறு கொம்பனிகளின் பங்குகளை ஒரே கூடையாகக் கட்டிச் சந்தையில் விற்கும் நிதி அது. அதே கூடை அமெரிக்காவிலும் பதிவாகியிருந்தது, அயர்லாந்திலும் பதிவாகியிருந்தது. அமெரிக்கக் கூடைக்கு நூறு டொலருக்கு வருடம் மூன்று சதம் கட்டணம்; அயர்லாந்துக் கூடைக்கு ஏழு.

ஐரோப்பியச் சட்டம் கேட்கும் விவரத்தாள் இல்லையென்று இங்குள்ள வங்கி அமெரிக்கக் கூடையை விற்க மறுத்தது. "விசா தராத நாட்டைக் கண்டிருக்கிறன், சாமான் விக்காத கடையை இப்பதான் காணுறன்!" என்று கொதித்தவர், இணையத்தில் ஓர் அமெரிக்கத் தரகரைத் தேடிப்பிடித்து அங்கேயே கணக்குத் திறந்தார். அது எண்பத்து நாலாயிரம் டொலராக வளர்ந்திருந்தபோது, ஒரு திங்கட்கிழமை டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

கலாதேவிக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. எட்டு மணிநேரமும் நின்றபடி. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அந்தப் பணம் வந்தால் அரைநேர வேலைக்கு மாறலாம். வராவிட்டால் ஓய்வூதியம் கிடைக்கும்வரை, இன்னும் ஏழு வருடம், அந்த அடுப்புகளுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

நிருபமா ஒரு கிழமை விதிகளைப் படித்து, அலுவலகத்திலும் விசாரித்துவிட்டு வந்தாள். அமெரிக்காவில் பதிவான சொத்தை விட்டு இறப்பவர் வெளிநாட்டவரானாலும் அங்கே மரணவரி உண்டு; ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் அதைக் கட்ட வேண்டி வராது. ஆனால் சொத்து அறுபதாயிரம் டொலருக்கு மேல் என்பதால் படிவம் அனுப்பியே ஆக வேண்டும்.

"வரியே இல்லாட்டி என்னத்துக்குப் படிவம்?"

"வரியில்லை எண்டு காட்டத்தான், அன்ரி."

"அப்ப அந்த அயர்லாந்துக் கூடையை வாங்கியிருந்தா?"

இந்தக் கேள்வி வரக்கூடாதென்று நிருபமா நினைத்திருந்தாள். "அமெரிக்காவுக்கு எழுதத் தேவையில்லை. இங்கத்தை வங்கியிலயே வாங்கியிருப்பார், இங்கத்தைப் பத்திரங்களோட அலுவல் முடிஞ்சிருக்கும்."

"உள்ளுக்க இருக்கிற கொம்பனியள்?"

"அதேதான்."

"எவ்வளவு மிச்சம் பிடிச்சவர்?"

கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "வருசத்துக்கு முப்பத்து மூண்டு டொலர்."

கலாதேவி மேசை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு சொன்னார்: "உயிரோட இருந்திருந்தா இண்டைக்கு அவருக்குச் சோறில்லை."

படிவம் போய்ப் பதினான்கு மாதமாகிறது. நடுவில் ஒரேயொரு கடிதம் வந்தது. கணக்கில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கிறது, மரணச் சான்றிதழில் பின்னால் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவும். இலங்கைத் தூதரகத்துக்கு அலைந்து அதற்கும் ஒரு தாள் எடுத்து அனுப்பினார்கள். அதோடு கோப்பு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. அரைநேரம் வேண்டுமா வேண்டாமா என்று முதியோர் இல்லத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். கலாதேவி இன்றும் காலை ஐந்தரைக்கு முழங்கால் பட்டியை இறுக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். படியில் கண்டால் நிருபமாவிடம் சான்றிதழைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்தப் படிவத்தை நிரப்பிய அன்று ஒரு கேள்வி வந்தது: இறந்தவர் எப்போதாவது அமெரிக்காவில் வசித்தாரா? நிருபமா அதைத் தமிழில் சொல்லிவிட்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். கலாதேவி எட்டி அவள் கையைப் பிடித்தார்.

"வெறும் இல்லையெண்டு விடாத, பிள்ளை. அந்த நாட்டில ஒருநாள்கூடக் கால் வைக்கேல்லை எண்டு எழுது. அங்க நடந்த சொந்தத் தங்கச்சி மகளின்ர கலியாணத்துக்கே ரிக்கற் விலையெண்டு போகாத மனிசன். அதையும் எழுது."

"அதுக்கு இதில இடமில்லை, அன்ரி."

"ஓரத்தில வெள்ளையாத்தானே கிடக்கு. சின்ன எழுத்தில எண்டாலும் எழுதிவிடு."