நூற்றுப் பதினான்காவது வரி

நூற்றுப் பதினான்காவது வரியில் அந்த அம்மா விரலை வைத்தார். புலம்பெயர்ந்து வந்த ஸ்பிரிங்வேலில் என் வீட்டுக் குசினி மேசை, ஒரு சனிக்கிழமைக் காலை. மடிக்கணினியில் ஓர் ஆப்பிரிக்க நாட்டு அமைச்சின் ஊழியர் பட்டியல். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். அவருடைய உறவுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த அமைச்சில் இருபது வருடம் ஊழியர் கோப்புகளைப் பார்த்தவர் அவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறார். இலங்கைத் தமிழரான எங்கள் பழக்கப்படி நான் அவரை அன்ரி என்பேன். அவருக்கும் அது பிடித்துவிட்டது.

அரசாங்க வேலைகள் எந்த இனத்துக்குப் போகின்றன, எந்த இனம் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது என்பதுதான் எங்கள் பல்கலைக்கழக ஆய்வு. அந்த அரசிடம் கேட்டால், இங்கே எல்லோரும் ஒன்று, இனக் கணக்கே இல்லை என்று கையை விரிக்கும். ஆகவே ஊழியர்களின் பெயர்களை வைத்து அன்ரி இனத்தைச் சொல்ல, நான் பதிந்துகொண்டு வந்தேன். அந்த வரியில் மட்டும் அவர் தயங்கினார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "இது என்ர தம்பி. பேர் மட்டும் அவங்கட, வேலை கிடைக்கிற இனத்தின்ர பேர். பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்கையே அப்பா மாத்திக் குடுத்தவர். இல்லாட்டி வேலை கிடைச்சிராது. உன்ர கணக்குப் பிழைக்கக் கூடாதெண்டுதான் சொல்லுறன், பிள்ளை." நான் உடனே தம்பியை அவருடைய உண்மையான இனத்தின் நிரலுக்கு மாற்றினேன். வேறு எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காத தகவல் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆய்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியர் தமிழ்நாட்டுக்காரர். கட்டுரையோடு முழு அட்டவணையும் இணையத்தில் போகட்டும் என்றார். "பேரையெல்லாம் எடுத்துட்டோம்ல, அப்புறம் என்ன?" பெயரை எடுத்தோம். பதவி, மாவட்ட அலுவலகம், வேலைக்குச் சேர்ந்த வருடம், இனம் நான்கையும் விட்டுவைத்தோம். அன்ரியின் தம்பியுடைய அலுவலகத்தில் அவர் சேர்ந்த வருடம் சேர்ந்த நில அளவையாளர் அவர் ஒருவர்தான். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அதைப் பார்த்துச் சரி என்றது. கடைசியாகச் சரிபார்த்தவள் நான். இலங்கையில் கையில் பட்டியலோடு தமிழரை வீடு வீடாகத் தேடி வந்தவர்களுக்கு அஞ்சி ஓடி வந்த குடும்பத்துப் பிள்ளை நான். எனக்குக் கண் எங்கே போயிருந்தது?

சில மாதங்களில் தம்பியை மேலதிகாரி கூப்பிட்டார். மேசையில் எங்கள் அட்டவணை அச்செடுத்து வைக்கப்பட்டிருந்ததாம். பொய்யான விவரம் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தார் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். அன்ரி அதை என் வாசலில் நின்றபடியே சொன்னார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "நான் உன்னை நம்பிச் சொன்னனான். நீ படிச்சனி, நீ யோசிச்சிருக்க வேணும்." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே பேராசிரியரை அழைத்தேன். "சார், அந்த டேபிளை இண்டைக்கே எடுக்க வேணும். அன்ரியின்ர தம்பிக்கு வேலை போயிட்டுது."

"அச்சச்சோ, பாவம்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம ஃபைண்டிங் சரின்னுதானே இது காட்டுது?"

தொலைபேசியைச் சுவரில் எறியாதது என் தவறு. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்கு நானே எழுதினேன். அட்டவணையை எடுத்தார்கள். தம்பியின் வேலை திரும்பி வரவில்லை. அன்ரியும் வரவில்லை. கட்டுரைக்குப் பாராட்டு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் பேராசிரியர் மறுபடி அழைத்தார். புதிய ஆய்வு, இந்த முறை இலங்கையின் அரச சேவை. "உங்க ஊரு ஆளுங்கதானேம்மா, பேரைப் பார்த்தாலே சொல்லிடுவீங்க." எனக்குச் சட்டென்று என் மச்சாள் நினைவுக்கு வந்தாள். தெற்கே ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கணவனின் சிங்களப் பெயரில் இருக்கிறாள். தமிழா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"ஏலாது சார்," என்றேன். அவர் அடுத்த வார்த்தை சொல்லும்முன் அழைப்பைத் துண்டித்தேன். அவர்மேல் கோபம் என்று நினைத்திருப்பார். அந்தக் கோபத்தில் அவருக்குரிய பங்கு அவருக்கு உண்டுதான். ஆனால் அன்ரியின் தம்பிக்காக ஒருபோதும் வராத பயம், என் மச்சாளுக்காக ஒரு நொடியில் வந்துவிட்டது.