வேப்பிலை மிதந்த ட்ரம்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பந்தல் போடுவதுதான் தொழில். மானகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பங்குனித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டால், நான்கு மூலையிலும் நான்கு ட்ரம்களில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும் என்பது தீயணைப்பு நிலையத்தார் போட்ட நிபந்தனை. மற்ற பந்தல்காரர்கள் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை நிரப்பி வைப்பார்கள். மாமா அப்படியில்லை. முந்தின வருஷம் வெளியூரில் அவர் போட்ட பந்தல் ஒன்று எரிந்துபோயிருந்தது. இன்னொன்று எரிந்தால் அப்புறம் ஒருவரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருக்குழாயிலிருந்து சின்னக் குடத்தில் தண்ணீர் சுமப்பது என் வேலை.

சிக்கல் எங்கள் ஜனங்களின் நல்ல பழக்கத்திலிருந்து வந்தது. கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவ வேண்டும். வாசலிலேயே ட்ரம் நிறையத் தண்ணீர் இருந்தால் யார்தான் விடுவார்கள்? மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும்.

“இது தீக்கு வச்ச தண்ணி, தொடாதீக!” என்று மாமா கத்திப் பார்த்தார்.

“தீ வரும்போது பாத்துக்கலாம்ப்பா, இப்பக் காலு சுடுதுல்ல” என்றார் ஒரு பெரியவர், கழுவிக்கொண்டே.

இரண்டாம் நாள் காலையில் மாமா ஒரு தந்திரம் செய்தார். நான்கு ட்ரம்களிலும் மஞ்சளைக் கரைத்து, ட்ரம்முக்கு ஒன்றாக வேப்பிலைக் கொத்துகளை நானும் அவரும் மிதக்கவிட்டோம். “இனி எவன் காலைக் கழுவுறான்னு பாக்குறேன்” என்றார் என் காதில்.

உண்மைதான், ஒருவரும் கால் கழுவவில்லை. முதலில் தலையில் தெளித்துக்கொண்டார்கள். பிறகு பாட்டிலில் பிடித்தார்கள். சாயங்காலம் பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மாள் கையில் ஐந்து லிட்டர் கேனே இருந்தது. இது வெறும் குழாய்த் தண்ணீர் என்று மாமாவால் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அம்மன் பேரில் விளையாடிவிட்டான் என்று ஊரே அவர் மேல் பாயும். குடமும் கையுமாகக் குழாய்க்கும் பந்தலுக்குமாக நடந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வழியெல்லாம் குடத்துத் தண்ணீரைச் சிந்திக்கொண்டே பின்னால் போனேன்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில், கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து பொறி பறந்து கீற்றின் ஓரத்தில் பிடித்தது. மாமா மூங்கிலைப் பிடித்து விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டார். கீழே நின்ற பெண்கள் மொண்டு மொண்டு கொடுக்க, அவர் வாங்கி வாங்கி ஊற்றினார். நான்கு ட்ரம்களிலும் அடி தெரிந்த பிறகுதான் தீ அடங்கியது. ஒரு பாய் அகலத்துக்குக் கீற்று போனதோடு சரி.

கூட்டம் குலவையிட்டது. “ஆத்தா தீர்த்தந்தான் நம்மளக் காப்பாத்துச்சு!” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பூசாரி ஒரு ட்ரம்முக்கு மாலையே போட்டுவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கை காய்த்துப்போகச் சுமந்தது நாங்கள், மாலை ட்ரம்முக்கா?

“நாமதான் தூக்குனோம்னு சொல்லுங்க மாமா. ஏன் சும்மா நிக்கிறீக?” என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“குடத்த எடு தாயி, ஓடு” என்றார்.

தீதான் அணைந்துவிட்டதே, இனி என்ன அவசரம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். நிறைகுடத்தோடு திரும்பியபோது, அந்தக் காலி ட்ரம்மின் முன்னால், கீற்றுக்கு நேர் கீழே, கற்பூரத்தைக் குவித்து ஏற்றி எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரி மாமாவையும் பிடித்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். கூப்பிய கையோடு, அவர் அந்தச் சுடரையும் என் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை இமைக்கவே இல்லை. மாமாவுக்கு இவ்வளவு பக்தியா என்று நான் நினைத்துக்கொண்டேன்.