நீல அல்லியும் என் பெயரும்

பிள்ளைக்கு எவ்வளவு பயம் சொல்லிக் கொடுத்தால் போதும்? ஒரு மகளுக்குத் தாயான பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சண்டை முடிந்து பாதை திறந்த புதிதில், கனகராயன்குளத்தில் பஸ் ஏறி அநுராதபுரம் போனோம். எனக்கு ஒன்பது வயது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் தோட்டம் செய்த அப்பாவுக்கு, அங்குள்ள பெரிய வெள்ளைப் பௌத்தத் தாதுகோபுரத்தை எனக்குக் காட்ட ஆசை. அங்கே சத்தமாகக் கதைக்கக் கூடாது என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டார்.

அது தேவைப்படவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, யானைச் சிலைகள் வரிசையாக நிற்கும் மதிலைத் தாண்டியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. பாதி வானத்தை அந்த வெள்ளை எடுத்துக்கொண்டிருந்தது. முகில்தான் நகர்ந்தது, எனக்கோ கோபுரமே எங்கள் மேல் சரிந்து வருவதுபோல இருந்தது. கல் சுட்டதுகூடத் தெரியவில்லை. சுற்றி வந்தும் வாசலைக் காணாமல் அப்பாவைக் கேட்டேன்.

“வாசல் இல்லை புள்ள. புத்தரோட அஸ்திய உள்ளுக்க வச்சு மூடிக் கட்டினது. ரெண்டாயிரம் வருஷமா இப்பிடித்தான்.”

புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு நீளமான பலகை நிறையப் பூ. எங்கள் அம்மன் கோயிலில் பூசாரி காலடிப் பூவை எடுத்துத் தருவார், தலையில் வைத்துக்கொள்வோம். இங்கே பூசாரியைக் காணவில்லை. நானே ஒரு நீல அல்லியை எடுத்துப் பின்னலில் செருகிக்கொண்டேன்.

அம்மா அதை முடியோடு சேர்த்து இழுத்தெடுத்தார். படைத்த பூவைச் சூடுவது அங்கே பெரும் பிழை. வெள்ளை உடுத்திய வயதான பெண் ஒருவர் எங்களிடம் வந்தார். அப்பா கைகூப்பி, நான் ஒருநாளும் அவரிடம் கேட்டிராத சிங்களத்தில் ஏதோ கெஞ்சினார். அந்தப் பெண் தன் தட்டிலிருந்து வேறொரு அல்லியை எனக்குத் தந்து, என் கையைப் பிடித்துப் பலகையில் வைக்கச் செய்தார். பிறகு பெயரைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டே சிங்கள வசனங்களில் அதுவும் ஒன்று. நான் வாய் திறக்குமுன் அப்பா சொல்லிவிட்டார், ஒரு சிங்களப் பெயரை. அந்தப் பெண் அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். சிரித்தபடி என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் கேட்டேன். “என்ர பேர் அதில்லையே அப்பா?”

“ஓம், அதில்லத்தான்,” என்றார், வெளியே பார்த்தபடி.

அவ்வளவு பெரியதைப் பார்த்த பிரமிப்பில் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே மறந்திருக்கும்.

அடுத்த மாதம் மகளின் முன்பள்ளிச் சுற்றுலா அங்கேதான். படைத்த பூவைத் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்டால் உன் பெயரையே சொல் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அப்படிச் சொன்னாலே, வேறு பெயரும் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. சொல்லி அனுப்புவதா, சும்மா விடுவதா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், எனக்கு எழுதுங்கள்.