என் பெயரில் எடுத்த இணைப்பு

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் பழைய முஸல்லா ஒன்று, என் தொழுகைப் பாய், இருக்கிறது. அதற்குள் ஒரு நீல நெட்வொர்க் வயர் சுற்றிக் கிடக்கிறது. மூன்று மீற்றர் நீளம் இருக்கும். ஒரு முனையில் இருந்த பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிட்டதால் சுவர்த் துளைக்குள் நிற்காமல் நழுவும். அதற்காக யாரோ ஒரு கறுப்புத் தலைக்கிளிப்பை வளைத்து இறுக்கியிருப்பது தெரியும். யாரோ என்ன, எனக்குத் தெரிந்தவர்தான். வீடு மாறும்போதெல்லாம் இதை எறிந்துவிடலாமா என்று கணவர் கேட்பார், இருக்கட்டும் என்பேன். பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவளுக்குப் பழைய வயர்களில் ஒரு கிறுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்த அந்த வருடம் நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவி. விடுதி அறையில் நாங்கள் இருவர். மற்றவர் என்னைவிட ஒரு வருடம் மூத்தவர், ஊர் திருக்கோவில் பக்கம். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். மெலிந்த உடம்பு, அதிகம் கதைக்காத சுபாவம். அவருடைய மேசையில் ஒரு சிறிய முருகன் படமும் திருநீற்றுப் போத்தலும் இருக்கும். என் கதிரைச் சாய்வில் முஸல்லா தொங்கும். வந்த முதல் நாளே அவர் கேட்டார், "இதத் தொடலாமா புள்ள?" என்று. வுழூ இல்லாமல், கைகால் கழுவாமல், சுத்தமில்லாமல் தொடக்கூடாது என்று சொன்னேன். அப்படியொரு சட்டம் கிடையாது, எங்கள் வீட்டுப் பழக்கமும் அதுவல்ல. புதிய அறையில் என் சாமான்களில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அறை கூட்டும்போது கதிரையின் கால்களைப் பிடித்துத் தள்ளுவாரே தவிர, முஸல்லாவில் விரல் படாது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன் என்று சொல்வதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அறையில் கணினி வைத்திருந்தவள் நான்தான். சுனாமியில் வீடிழந்த மாணவர்களுக்கென்று வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய பழைய கணினி அது. தொலைக்காட்சிப் பெட்டியளவு திரை, தட்டினால்தான் வேலை செய்யும் விசைப்பலகை. விடுதிக்கு நெட்வொர்க் வந்தபோது அறைக்கு ஒரு துளை, ஒரு கணினி என்று அறிவித்தார்கள். கணினியை இணைக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், பதிவு இலக்கம், அறை இலக்கம், கணினிக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டின் பன்னிரண்டு எழுத்து இலக்கம், கடைசியில் விடுதிப் பொறுப்பாளரான வாடனின் கையொப்பம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அந்தப் பன்னிரண்டையும் நான் வாசிக்க, அக்கா தாளில் எழுதினார். படிவத்தின் அடியில், இந்த இணைப்பில் பார்க்கப்படுவதெல்லாம் பதிவாகும், பொறுப்பு விண்ணப்பதாரியுடையது என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்ததும் அக்கா பேனையை என்னிடம் தந்தார்.

"உன்ட பேர்ல எழுது புள்ள. என்ட பேரப் பாத்தா ஆயிரம் கேள்வி வரும். உன்ட பேரப் பாத்தா ஒண்டும் கேக்கமாட்டானுகள்."

அது உண்மைதான். அந்த நாட்களில் எங்கள் கிழக்குக் கரையில் ஒருவரின் பெயரை வைத்தே அவர் எந்தச் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று சொல்லிவிடலாம். என் பெயரில் எழுதினேன். மறுநாள் கணினி நிலையத்துக்குப் பொறுப்பான சேர் வந்து வயரைச் செருகிவிட்டுப் போனார். முதல் பக்கம் திறக்க ஐந்து நிமிடம் எடுத்தது. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து நிமிடமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது தேவைப்பட்டது அண்ணனுக்காக. அண்ணன் மேசன். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டும் வேலைக்கென்று முல்லைத்தீவுக்குப் போனவர், அங்கேயே கல்யாணம் கட்டினார். பிறகு பாதை பூட்டப்பட்டது. சண்டை இறுகிய மாதங்களில் கடைசியாக ஒரு தடவை தொலைபேசியில் கதைத்தாராம், உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்தபோது எங்கள் ஊரில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள். அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டு, முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்களைத் தேடித் திறந்துகொண்டிருந்தார். பாதிப் பக்கங்கள் திறக்காது, திறந்தவற்றில் எழுத்துகள் சதுரம் சதுரமாகத் தெரியும். எழுத்துருவை நான் இறக்கிக் கொடுத்தேன். பட்டியல் எங்கும் அதே பெயர்கள், தகப்பன் பெயர் மட்டும் வேறு.

பட்டியல் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தங்கச்சி குர்ஆன் ஓதப் போயிருந்தாள். வாப்பாவும் நானும் மூன்று நாள் ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், பாடசாலை என்று அலைந்தோம். பள்ளிச் சுவரில் ஒட்டிய தாள்களில் விரல் வைத்து வாசித்தேன். மூன்றாம் நாள், சட்டையில் உம்மா தைத்த பொத்தானை வைத்து அவளை அடையாளம் கண்டோம். ஜனாஸா தொழுது அடக்கினோம். எங்களுக்கு அதுவாவது கிடைத்தது. தேடுகிறவரின் வயிறு எப்படி எரியும் என்று அந்த விடுதியிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். நடந்ததைச் செய்தவளும் நான்தான்.

சுவிஸில் இருந்த அக்காவின் மாமா மகன் மூலமாக ஒரு தகவல் வந்தது. வவுனியா முகாமொன்றில் அண்ணனின் பெயரும் தகப்பன் பெயரும் உள்ள ஒருவர் இருக்கிறார். ஒளித்து வைத்திருக்கும் ஒரு தொலைபேசியில் வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவரைச் சில நிமிடம் கதைக்கவைக்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மாமா மகன் சிறுவயதிலேயே போனவர், அண்ணனைக் குரலில் அடையாளம் தெரியாது. அவர் ஒரு காதில் அந்த மனிதரைக் கேட்டுக்கொண்டு, சொல்வதை அப்படியே கணினியில் அடிப்பார். அது அண்ணன்தானா என்று அக்கா இங்கிருந்து பதில் அடிக்க வேண்டும். அடையாளங்களை முன்கூட்டியே எழுதி அனுப்பினால், அதையே திருப்பிச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டமும் அப்போது இருந்தது. கைத்தொலைபேசியில் கதைக்கவும் அக்காவுக்குப் பயம், அது அவருடைய அடையாள அட்டையில் எடுத்தது. எல்லாம் அந்த நீல வயரில் தொங்கியது.

புதன்கிழமை சாதாரண உடுப்பில் இருவர் விடுதிக்கு வந்து வாடனிடம் மாணவிகளின் பெயர் இடாப்பை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெட்வொர்க் பதிவைத்தான் கேட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையில் ஒருத்தி சொன்னாள். பாதிச் சோற்றில் எழுந்தேன். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து வாப்பாவிடம் சொன்னேன்.

"மகள், உன்ட பேருல இருக்கிறதக் கழட்டிப் போடு. நம்மட ஊட்டுல இன்னொரு மையித்தத் தூக்க எனக்கு ஏலா."

வெள்ளிக்கிழமை காலை அக்கா விரிவுரைக்குப் போன பிறகு வயரைக் கழற்றினேன். ஒரு மணிக்கு என்ன நடக்க இருந்தது என்று எனக்குத் தெரியும், இங்கே மறைக்கப் போவதில்லை. எழுதி வைத்த செய்தி எங்கே போய்விடும், சனிக்கிழமை வேறெங்காவது வாசிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் நிற்பான் என்பதை நினைக்க நான் விரும்பவில்லை. வயரை எங்கே ஒளிப்பது என்று ஒரு கணம்தான் யோசித்தேன். முஸல்லாவுக்குள் சுற்றி மடித்துக் கதிரையில் போட்டேன். அவர் தொடாத ஒரே இடம் அது. பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மற்றதெல்லாம் பக்கத்து அறைக்காரி சொன்னது. பன்னிரண்டரைக்கு அக்கா வந்திருக்கிறார். வயர் இல்லை. அறையெல்லாம் தேடிவிட்டுக் கணினி நிலையத்துக்கு ஓடினார், சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி அறைக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஓட்டோ பிடித்து டவுனுக்குப் போனார். வெள்ளிக்கிழமை பகல் எங்கள் ஊர்களில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. நெட் கடை பூட்டு, போனுக்கு ரீலோட் போடுகிற கடையும் பூட்டு. இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அக்காவுக்கு அந்த அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. பள்ளிவாசலின் குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்க, பூட்டிய கடைப்படியில் இரண்டே கால் வரை உட்கார்ந்திருந்தாராம்.

சுவிஸிலிருந்து வந்திருந்த செய்திகளை அவர் கடை திறந்த பிறகுதான் வாசித்தார். வீட்டுக் கிணற்றுக் கட்டில் ஈரச் சீமெந்தில் தங்கச்சியின், அதாவது அக்காவின், பெயரை மேசன் கரண்டி முனையால் எழுதியவன் நான் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அது அண்ணன்தான், அந்த எழுத்து இப்போதும் கிணற்றில் இருக்கிறது. மாமா மகன் "சரியா? சரியா?" என்று அடித்து அடித்துக் காத்திருந்திருக்கிறார். சரி என்று வந்த பிறகுதான் முகாம் பிரிவையும் கூடாரத்தின் இலக்கத்தையும் கேட்க நினைத்திருந்தார். ஐந்து நிமிடம் பொறுத்தாராம். பிறகு தொலைபேசி அறுந்துவிட்டது. அந்த இலக்கம் அதற்குப் பிறகு ஒருபோதும் வேலை செய்யவில்லை.

அக்காவும் அவருடைய அம்மாவும் இரண்டு முறை வவுனியாவுக்குப் போனார்கள். பிறப்புச் சான்றிதழும் படமும் கொண்டுபோய் முட்கம்பிக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பெயரில் இருந்தவரை வேறிடம் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், அந்தப் பெயரில் யாருமே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அம்மா பிற்காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மாரோடு வீதியோரக் கொட்டகையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். போன வருடம் இறந்துவிட்டார். அண்ணன் பற்றி இன்றுவரை ஒரு சொல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நான் விடுதிக்குத் திரும்பியபோது, கணினி நிலையத்தில் வயரைக் கழற்றியிருப்பார்கள் என்று சொன்னேன். அக்கா "ஓம்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த கிழமை பயம் தெளிந்து வயரை மறுபடி மாட்டினேன். அது நழுவி விழுவதைப் பார்த்துத் தன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி வளைத்துச் செருகியவர் அவர்தான். இருவர் வந்துபோன விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் பயந்த எதுவும் நடக்கவேயில்லை.

படிப்பு முடிந்து அவர் புறப்பட்ட நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். பஸ் வருமுன் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"அண்டைக்கு உன்ட தொழுகைப் பாய்க்குள்ள வயர்ட முனை தெரிஞ்சது புள்ள. ஓட்டோ புடிக்க முன்னுக்கே கண்டனான்."

"எடுத்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"எனக்கு அண்டைக்கு மாதத் துடக்கு. சுத்தமில்லாமத் தொடப்பொடாது எண்டு நீதானே சொன்ன. கையை நீட்டிப்போட்டு நிண்டன். டவுனுல கடை இருக்குத்தானே, பத்து நிமிசம் எண்டு ஓடினன். மறுகாத்தான் வெள்ளிக்கிழமை கடை பூட்டு எண்டு வெளங்கினது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும், அது நான் கட்டிய பொய் என்று. துடக்கோடும் தொடலாம், கழுவாமலும் தொடலாம், காலால் தட்டிக்கூட எடுத்திருக்கலாம் என்று. சொன்னால், அண்ணன் கையெட்டும் தூரத்திலிருந்து கைநழுவிப் போனார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று பல வருடம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். எனக்காகத்தான் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அம்மாவின் மரணச் செய்தி கேட்டும் திருக்கோவிலுக்கு நான் போகவில்லை.

போன கிழமை அலுமாரி துடைக்கும்போது என் மகள் அந்தக் கீழ்த்தட்டின் முன்னால் குந்தியிருந்தாள். வீட்டில் எல்லா அறையிலும் வயரில்லாமலே இணையம் வருகிற காலத்துப் பிள்ளை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டவள் முஸல்லாவுக்கு முன்னால் மட்டும் கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உம்மா, இதத் தொடலாமா?"

"தொடலாம் மகள்" என்றேன். "ஆரும் தொடலாம். எப்பவும் தொடலாம்."

அவள் அதைத் தூக்கி உதறினாள். வயர் தரையில் விழுந்தது, கிளிப் கழன்று கட்டிலுக்கடியில் போனது. நான் முழங்காலிட்டு அந்தக் கிளிப்பைத் தேடத் தொடங்கினேன்.