மேர்லின் திருப்பிய முட்டைகள்

நோபேட் நாற்பது வருடம் குளிர்ப்பெட்டி திருத்திப் பிழைத்த மனிதர். சூடாக்கும் கலையில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது; பழைய கறியைக்கூட மேர்லின்தான் சூடாக்கிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவர், மனைவி செத்து ஒன்பதாம் நாள், தாண்டவன்வெளி வீட்டின் சாமான் அறைக்குள் குந்தியிருந்து, மீன் வியாபாரியிடம் வாங்கிய, ஐஸ் மீன் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் குண்டு பல்ப் பூட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் மேர்லினின் தங்கை செசீலியாவால் வந்த வினை. எட்டாம் நாள் சாப்பாட்டுக்குச் செத்தவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைக்க வேண்டுமென்று நின்றாள். அக்காவுக்கு ஊர்க்கோழிக் கறி என்றால் உயிர் என்று, வளவில் நின்ற பெட்டைக்கோழியை அறுத்தும் விட்டாள். அது அடைக்குத் தயாரான கோழி. அதற்கென்று தவிட்டுப் பானைக்குள் பதினொரு முட்டைகள் கிடந்தன. இடி முழங்கினால் கரு கலங்கிவிடும் என்று ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் மேர்லின் கரியால் சிறிய சிலுவை போட்டிருந்தாள். அவள் கை செய்த கடைசி வேலை அதுதான்.

“கோழியத்தான் தின்னாச்சு. முட்டையையும் கூழாக விட்டா அவளுக்கு நான் என்ன மறுமொழி சொல்ற?” என்றார் நோபேட்.

ஒரு பகலும் இரவும் பெட்டியை வெறுமனே எரியவிட்டார். சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் துளை போட்டார், குறைந்தால் துளைக்குப் பிளாஸ்டர் ஒட்டினார். ஈரத்துக்கு ஒரு சிரட்டை தண்ணீர் வைத்தார். பத்தாம் நாள் காலையில் முட்டைகளை அடுக்கினார். போனில் பார்த்த வீடியோவிலிருந்து இரண்டு விதிகளை மனப்பாடம் செய்திருந்தார். கரு ஓட்டில் ஒட்டாமல் நாளுக்கு மூன்று தடவை திருப்ப வேண்டும். அடைவைத்த பதினெட்டாம் நாளிலிருந்து தொடவே கூடாது. குஞ்சு வெளியேறத் தலையை ஒழுங்குபண்ணி வைத்திருக்கும் நேரம் அது. திருப்பினால் உள்ளேயே மூச்சடங்கிவிடும்.

முட்டை வைத்த நான்காம் நாள், சிலுவைகளை மேலே வைத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியோடு பூசைக்குப் போனார். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஒரு சிலுவையையும் காணவில்லை. பதினொன்றும் கீழே திரும்பியிருந்தன.

வயது போனால் புத்தியும் பேதலிக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் போனில் படம் பிடித்துவிட்டுக் கடைக்குப் போனார். வந்து பார்த்தபோது படத்தில் சிலுவைகள் இருந்தன, பெட்டியில் இல்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதன்பிறகு அவர் முட்டைகளைத் தொடுவதை விட்டுவிட்டார். அப்படியிருந்தும் காலை, பகல், மாலை என்று மூன்று தடவை, நேரம் பிசகாமல் அவை திரும்பின. பத்து நாளில் அழிந்திருக்க வேண்டிய கரி, நேற்றுப் போட்டது போலக் கறுத்துக் கிடந்தது.

செசீலியாவிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் ஆத்துமா வளவ விட்டுப் போகாது அத்தான். அக்கா வந்து திருப்பிறா எண்டா திருப்பட்டுமே. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?”

“இது சாகும்,” என்றார் நோபேட். “பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திருப்பினா அவ்வளவும் சாகும். அது அவளுக்குத் தெரியாதே. கோழிய அடை வைச்சுத்தானே அவளுக்குப் பழக்கம்.”

பதினெட்டாம் நாள் விடிந்தது. மேர்லின் செத்து இருபத்தெட்டாம் நாள். வெளியே வாவிப் பக்கமிருந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறைக்குள் மட்டும் ஈரக் குளிர். பெட்டியில் எல்லாச் சிலுவைகளும் மேலே. நோபேட் பக்கத்தில் குந்தினார். இத்தனை நாளும் அந்த அறைக்குள் வாய் திறக்கப் பயந்தவர் அவர்.

“இஞ்ச புள்ள,” என்றார். “உனக்கு இன்னும் மூண்டு நாள் இருக்கு. எனக்குத் தெரியும். நீ நிண்டா கை சும்மா இருக்காது, திருப்பத்தான் செய்வாய். குஞ்சுகள் செத்துப் போயிரும். நீ நல்லாப் பார்த்திட்டாய். காணும், இனிப் போதும். போயிட்டு வா.”

மூடிக்குள் பல்ப் ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது.

பகல் திறந்து பார்த்தார். சிலுவைகள் காலையில் பார்த்தபடியே மேலே இருந்தன. மாலையும் அப்படியே. அவர் கேட்டதுதான் நடந்திருந்தது. என்றாலும் ஒன்றாவது புரண்டிருக்காதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து தேடினார். ஒரே ஒரு முட்டையைத் தானே திருப்பிவிட்டு, அவள்தான் திருப்பினாள் என்று நம்பிக்கொள்ளலாம் போலிருந்தது. கை பெட்டிக்குள் போயும் விட்டது. விரல் பட்டதும் ஓட்டுக்குள் ஏதோ துடித்தது.

கையை இழுத்து மூடியை மூடினார். பயந்து பயந்து கழித்த இத்தனை நாளில் அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. மேர்லின் இந்த வீட்டில் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார்.